படத்தில் எரிந்த விளக்குகள்

போன மாதம் ஒரு நாள், பகல் சாப்பாட்டுக்கு உட்காரப்போகும் நேரத்தில் செல்வி போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கலையரங்கத்தில், என் இடத்தில் இப்போது மேடை விளக்குகளைக் கவனிக்கிறவள் அவள்தான். குரலில் ஒரே பதற்றம்.

“அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல எல்லா விளக்கும் எரியுதுன்னு காட்டுது. மேடையில ஒண்ணுகூட எரியமாட்டேங்கு. ஒயரெல்லாம் பாத்துட்டேன். கீழ ஓரத்துல என்னமோ, போர்ட்டை வேற புரோகிராம் பிடிச்சிருக்குன்னு வருது.”

“படத்தை மூடு,” என்றேன்.

“எந்தப் படம்?”

“மேடையை அப்படியே வரைஞ்சு காட்டுமே, அந்தப் படம். அதை மூடு. விளக்குப் புரோகிராமையும் மூடு. இப்ப முதல்ல விளக்குப் புரோகிராமைத் திற. அதுக்கப்புறம் வேணும்னா படத்தைத் திறந்துக்கோ.”

அரை நிமிடம் ஆகியிருக்கும். “வந்துட்டு அண்ணாச்சி! எப்படி அண்ணாச்சி, பாக்காமலே சொல்லுதீங்க?”

“சோறு ஆறுது தாயி,” என்று சொல்லி வைத்துவிட்டேன். சோறு ஆறவில்லை. தட்டே வைக்கவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவும் இல்லை.

அவள் கேட்டதற்குப் பதில் சொல்வதென்றால் சுடலைமுத்து அண்ணாச்சியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். இத்தனை வருடம் அதை யாரிடமும் தொடங்காமல் தப்பித்துவந்தேன். எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான் நாகலாபுரத்துக்காரன். வீட்டில் மிளகாய் வெள்ளாமை. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துவிட்டு, கோயில் கொடை விழாக்களுக்குச் சீரியல் விளக்குக் கட்டும் ஒருவரிடம் ஏழெட்டு வருடம் மரத்திலும் கம்பத்திலும் ஏறி இறங்கினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய ஒரு கலையரங்கத்தில் லைட் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அங்கே மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் பொறுப்பு சுடலைமுத்து அண்ணாச்சி. கயத்தாற்றுக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். மனைவி இல்லை. ஒரே மகள், பேச்சியம்மாள், கயத்தாற்றிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்.

அண்ணாச்சியோடு எனக்கு ஒத்துப்போனதே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பொசுக்கென்று கோபப்படுகிறவன். அவர் நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். ஒரு பல்பை மாற்ற ஏணியில் ஏறினால் நாம் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எதைச் சொன்னாலும் “பாப்போம்லே” என்பார். அந்த “பாப்போம்லே” எனக்கு எரிச்சலாக வரும்.

அதைவிட எரிச்சல் அவருடைய எண்ணிக்கை. நிகழ்ச்சி உள்ள நாளில் சாயங்காலம் நாலு மணிக்கு, முப்பத்தாறு விளக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நான் அரங்கத்தின் பின்பக்கம், விளக்குகளை இயக்கும் சுவிட்சு போர்டு முன்னால் உட்கார்ந்து நம்பரைச் சொல்லி விளக்கை ஏற்ற வேண்டும். அவர் மேடையில் அந்த விளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில் நின்று, கையைத் தூக்கிப் புறங்கையில் சூடு படுகிறதா என்று பார்ப்பார். பட்டால் “இருக்கு” என்பார். படாவிட்டால் “இல்ல.” அடுத்த நம்பர். ஒரு மணி நேரம் போய்விடும்.

“அண்ணாச்சி, இங்கயிருந்தே தெரியுதே எரியுதுன்னு. கையை வேற எதுக்குக் காட்டுதீங்க?” என்று ஒரு நாள் கத்தினேன்.

“நீ இருக்க இடத்துல தெரிஞ்சு என்னலே செய்ய? ஆடுதவ இங்கனல்லா நிக்கப்போறா,” என்றார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. முதல் விளக்கை அவர் என் போர்டில் சேர்க்கவே விடவில்லை. மேடை ஓரத்தில் அவர் நிற்கும் இடத்தில் தனி ஒயர், தனி சுவிட்சு. அதற்குப் பிள்ளையார் விளக்கு என்று பெயர். நிகழ்ச்சி தொடங்குமுன் அதைத்தான் முதலில் போடுவார். கடைசி ஆள் வெளியே போனபிறகுதான் அணைப்பார். எண்ணிக்கையில் நான் ரெண்டாம் நம்பரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாயிரம் தாண்டி ஏழெட்டு வருடம் இருக்கும். எங்கள் செயலாளர், தீப்பெட்டி ஆலை வைத்திருந்தவர், சென்னையில் ஏதோ அரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, “நம்ம ஊருக்கும் அது வேணும்” என்று கம்ப்யூட்டர் கன்சோல் வாங்கினார். பழைய போர்டு போனது. கம்ப்யூட்டரில் ஒரு விளக்குப் புரோகிராம். அதிலிருந்து ஒரே ஒரு நெட்வொர்க் ஒயர் மேடைக்குப் போகும். அங்கே பெட்டிகள் அந்தச் செய்தியை வாங்கி விளக்குகளை ஏற்றும், இறக்கும். சென்னையிலிருந்து வந்த ஆள் எனக்கு மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில்.

அண்ணாச்சி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “முப்பத்தஞ்சையும் நீ வச்சுக்கோ. ஒண்ணு மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்,” என்றார்.

அந்தக் கம்ப்யூட்டரோடு இன்னொரு புரோகிராமும் வந்தது. அதுதான் படம். மேடையை அப்படியே வரைந்து, எந்த விளக்கு ஏறுகிறது, எந்த நிறம் விழுகிறது என்று திரையில் காட்டும். செயலாளருக்கு அந்தப் படத்தில் கொள்ளை ஆசை. ஊருக்கு வரும் விருந்தாளிகளையெல்லாம் கூட்டிவந்து காட்டுவார். கம்ப்யூட்டரைப் போட்டதும் படம் வர நேரமாகிறது என்று ஒரு நாள் சலித்துக்கொண்டார். உடனே நான், கம்ப்யூட்டரைப் போட்டவுடன் படம் தானாகவே எழுந்து வருகிற மாதிரி அமைத்துக் கொடுத்தேன். “கெட்டிக்காரன்லே நீ,” என்று முதுகில் தட்டினார். ஒரு வாரம் அந்தத் தட்டல் என் முதுகில் இருந்தது.

அண்ணாச்சிக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. நாலு மணி எண்ணிக்கைக்கு நிற்கும்போது மேடையிலிருந்தே சத்தம் போடுவார்: “ஏலே பாண்டி, அந்தப் படத்தை மூடிட்டு மேடையைப் பாரு!” நான் முணுமுணுத்துக்கொண்டே படத்தை மூடுவேன். விளக்குப் புரோகிராமைத் திறப்பேன். எண்ணிக்கை முடிந்ததும், செயலாளர் வருவாரே என்று படத்தை மறுபடி திறந்துவைப்பேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடங்களில் கரண்டு போனதை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். எங்களிடம் ஜெனரேட்டர் இருந்தது. கரண்டு போனால் அண்ணாச்சி ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டு, பெரிய சுவிட்சை அதன் பக்கம் மாற்றிவிடுவார். ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். உண்டு, ஆனால் அதன் பேட்டரி செத்துப்போய்க் கிடந்தது. மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தோம். வரவில்லை.

முதல் தடவை ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கரண்டு போனது. அண்ணாச்சி சுவிட்சை மாற்றினார். கம்ப்யூட்டர் திரும்ப எழுந்தது. நான் விளக்குப் புரோகிராமைத் திறந்து விளக்கை ஏற்றினேன். படத்தில் மேடை ஜொலித்தது. நிஜ மேடையில் பிள்ளையார் விளக்கு ஒன்றுதான் எரிந்தது. பிள்ளைகள் அதிலேயே ஆடி முடித்தன. மறுநாள் காலையில் எண்ணிக்கை போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டாவது தடவை ஒரு நடன அரங்கேற்றம். அதே மாதிரி. கரண்டு போனது, சுவிட்சு மாறியது, மேடை செத்தது. ஆட வந்த பெண்ணின் அம்மா அழுதது எனக்குக் காதிலேயே நிற்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. நெட்வொர்க் ஒயரை மாற்றினேன். பெட்டிகளை அவிழ்த்து மாட்டினேன். ஒவ்வொரு பெட்டியின் முகவரி எண்ணையும் சரிபார்த்தேன். சென்னைக்குப் போன் செய்தேன். அந்த ஆள் கேட்டார்: “அந்தக் கம்ப்யூட்டர்ல வேற புரோகிராம் ஏதாவது ஓடுதா?”

“ஒண்ணும் இல்லியே சார்,” என்றேன். பாட்டுக் கேட்கிறேனா, சினிமா பார்க்கிறேனா என்று கேட்பதாகத்தான் எனக்குப் பட்டது. கன்சோலோடு சேர்ந்து வந்த படத்தை வேறு புரோகிராம் என்று நான் நினைக்கவே இல்லை.

செயலாளர் எங்கள் இருவரையும் அழைத்துவைத்துக் கேட்டார். அங்கேதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்: “ஜெனரேட்டருக்கு மாத்துததுலதான் என்னமோ ஆகுது முதலாளி. கரண்டு போகாத அன்னைக்குக் கோளாறே இல்ல.”

பொய் இல்லை. எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. ஆனால் சொல்லும்போதே, பழி என் பக்கம் வராது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செயலாளர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். “என்ன சுடலை, இத்தனை வருஷம் பாக்குத சுவிட்சு, மாத்தத் தெரியலையா? அடுத்த மாசம் நம்ம ஆண்டு விழா. கலெக்டர் வாராவ. அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா நீ ஊருக்குப் போயிரு.”

“சரி முதலாளி,” என்றார் அண்ணாச்சி.

அந்த ஒரு மாதம் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெரிய சுவிட்சை முழுக்கக் கழற்றிச் செம்புத் தகடுகளை ஒவ்வொன்றாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஸ்பிரிங்குகளை மாற்றினார். பூமியில் இறங்கும் எர்த் கம்பியைத் தோண்டி எடுத்து, புதிதாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் புதைத்தார். கரிசல் மண் வெயிலுக்கு வெடித்துக் கிடந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். யாரும் இல்லாத மத்தியான நேரங்களில் சுவிட்சை மாற்றி மாற்றிப் பழகுவார். இருபது வருடம் செய்த வேலையை, நேற்றுச் சேர்ந்தவன் மாதிரி.

ஒரு நாள் சுவிட்சு முன்னால் உட்கார்ந்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே பாண்டி, என் கைதான் காரணமா இருக்குமோ? நடுங்குதோ? கொஞ்சம் பாரேன்,” என்று கையை நீட்டினார்.

நடுங்கவில்லை. கல் மாதிரி நின்றது. “தெரியல அண்ணாச்சி,” என்றேன். நடுங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை சரி என்றால் தப்பு எங்கே என்று அவர் கேட்பாரே.

ஆண்டு விழா வந்தது. நாலு மணி எண்ணிக்கை நடந்தது. படத்தை மூடச் சொன்னார், மூடினேன். முப்பத்தைந்தும் “இருக்கு.” பிறகு செயலாளருக்காகப் படத்தைத் திறந்துவைத்தேன். ஆறரைக்கு நாடகம் தொடங்கியது. அரங்கம் நிரம்பி, ஓரத்திலெல்லாம் ஆட்கள் நின்றார்கள். இரண்டாம் காட்சி நடுவில் கரண்டு போனது.

அண்ணாச்சி ஓடுகிற சத்தம் கேட்டது. ஜெனரேட்டர் உறுமியது. சுவிட்சு விழுந்தது. சுத்தமான, ஒரே சத்தம். மின்விசிறிகள் சுழன்றன. என் கம்ப்யூட்டர் எழுந்தது. படமும் தானாக எழுந்தது. நான் விளக்குப் புரோகிராமைத் திறந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். படத்தில் மேடை முழுக்க வெளிச்சம். எனக்கு உயிர் வந்தது. தலையைத் தூக்காமலே, மேடைப் பக்கம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

பிறகு நிமிர்ந்து பார்த்தேன். மேடையில் பிள்ளையார் விளக்கு மட்டும். அதன் மங்கலான வெளிச்சத்தில், நடிகர்களுக்கு நடுவே, அழுக்கு வேட்டியோடு அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். ரெண்டாம் நம்பர் விழும் இடத்தில் நின்று கையைத் தூக்கிப் புறங்கையைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். நகர்ந்து மூன்றாம் நம்பர் இடத்துக்குப் போனார். அங்கேயும் கையைத் தூக்கினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். விசில் அடித்தார்கள். நான் திரையைப் பார்க்கிறேன், எரிகிறது. மேடையைப் பார்க்கிறேன், அவர் வெறுங்கையோடு நிற்கிறார். ஏழாம் நம்பர்வரைக்கும் போனார். அதற்குள் மேடைத் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள்.

மறுநாள் நான் வரும்போது என் மேசைமேல் சாவிக்கொத்தும் அவருடைய டெஸ்டரும் இருந்தன. அவர் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, ஒரு காலை பதினோரு மணிக்குக் கரண்டு போனது. நிகழ்ச்சி எதுவும் இல்லை. இப்போது சுவிட்சு என் பொறுப்பு. போய் மாற்றினேன். திரும்பி வந்து விளக்கை ஏற்றினேன். மேடை இருட்டு. அவர் கை இல்லை, என் கை. அதே கோளாறு.

என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் எண்ணிக்கை போடலாம் என்று நினைத்தேன். எண்ணிக்கை என்றால் படத்தை மூட வேண்டும். மூடினேன். விளக்குப் புரோகிராமை மூடித் திறந்தேன். ஆளில்லாத அரங்கத்தில் “ரெண்டு!” என்று சொல்லிக்கொண்டே ஏற்றினேன்.

எரிந்தது.

பிறகு எல்லாவற்றையும் மூடி, முதலில் படத்தைத் திறந்து, பிறகு விளக்குப் புரோகிராமைத் திறந்தேன். இருட்டு. மாற்றித் திறந்தேன். எரிந்தது. ஆறு தடவை செய்து பார்த்தேன். ஆறாவது தடவைதான் படத்தின் ஜன்னலை நகர்த்தி, அது மறைத்துக்கொண்டிருந்த கீழ் ஓரத்தைப் பார்த்தேன். சின்னச் சிவப்பு எழுத்தில் இருந்தது: போர்ட்டை வேறொரு புரோகிராம் பிடித்திருக்கிறது.

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டரிலிருந்து செய்தி வெளியே போக எண் போட்ட வாசல்கள் உண்டு. அதுதான் போர்ட். மேடைப் பெட்டிகள் ஒரே ஒரு வாசலிலிருந்து வருகிற செய்தியைத்தான் கேட்கும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் விளாத்திகுளம் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தக் கதைதான். எந்தப் புரோகிராம் முதலில் எழுந்து துண்டைப் போடுகிறதோ அதற்குத்தான் இடம். விளக்குப் புரோகிராம் முதலில் வந்தால் படம் பேசாமல் பக்கத்தில் நின்றுகொள்ளும். படம் முதலில் வந்துவிட்டால் விளக்குச் செய்தி மேடைக்குப் போகவே போகாது. உள்ளுக்குள்ளேயே படத்துக்கு மட்டும் போகும். அதனால்தான் படத்தில் எல்லாம் எரிந்தது. கரண்டு போய் வந்தால் படம் தானாக முதலில் எழுந்தது. அப்படி எழச் சொன்னது நான்.

தானாக எழும் அந்த அமைப்பை எடுத்துவிட்டேன். அன்றைக்கே கயத்தாறு போனேன்.

ஹைவே ஓரத்தில், லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் ஒரு பட்டறையில் அண்ணாச்சி ஒரு லாரியின் முன்விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளரிடம் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அவர் ஸ்க்ரூவைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

“அப்ப என் கை இல்ல?”

“இல்ல அண்ணாச்சி. நான்தான். நாளைக்கே முதலாளிகிட்ட சொல்லிருதேன். நீங்க வந்துருங்க.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்ததா, வெயிலா, எனக்குத் தெரியவில்லை. பிறகு, “சொல்லாதலே,” என்றார். “என்னைய இனிமே கூப்பிட மாட்டாவ. உன்னையும் அனுப்பிருவாவ. உனக்கு ரெண்டு பிள்ளை படிக்குது. எனக்குத் தெரிஞ்சா போதும்.”

“அண்ணாச்சி...”

“போ. பஸ்ஸு வந்துரும்.”

போய்விட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது உண்மை. கூடவே, அப்பாடா என்று இருந்ததும் உண்மை. அவர் சொல்லாதே என்றது எனக்கு வசதியாகப் போயிற்று. அவர் பெரிய மனதோடு சொன்னதை நான் சின்ன மனதோடு பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அரங்கத்தில் விளக்கு ஒருநாளும் அணையவில்லை. கரண்டு எத்தனையோ தடவை போனது, வந்தது. மேடை எரிந்தது. “பாத்தியா, சுடலை போனான், கோளாறும் போச்சு,” என்று செயலாளர் எல்லாரிடமும் சொன்னார். நான் கோளாறைச் சரிசெய்ததே அண்ணாச்சிமேல் சொன்ன பழிக்குச் சாட்சியாகிவிட்டது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு வருடம் கழித்து அண்ணாச்சி இறந்தார். துட்டிக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது பேச்சியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மாமா, அப்பா ஒண்ணும் சொன்னதில்ல. நீங்க கூடவே இருந்தீங்க. மேடையில நின்னு கையைக் காட்டுனாவன்னு ஊரெல்லாம் சிரிச்சாங்களே. எங்க அப்பா மேல தப்பு உண்டா?”

‘எனக்குத் தெரிஞ்சா போதும்’ என்றவர் மகளிடமும் சொல்லாமல் போயிருக்கிறார். என்னைக் காப்பாற்ற. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அதெல்லாம் இப்ப எதுக்கு தாயி,” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதிலை அவள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று தெரியாத முட்டாள் அல்ல நான்.

நான் ஓய்வு பெற்ற அன்று அதே மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புதிய செயலாளர் பேசினார்: “முன்ன இருந்த ஒரு பெரியவர் காலத்துல அடிக்கடி விளக்கு அணையுமாம். நம்ம பாண்டியன் பொறுப்பு எடுத்த பிறகு ஒரு நாள்கூட அணையல.” எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். பேசச் சொன்னார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடம் ஏழாம் நம்பர் விளக்குக்கு நேர் கீழே. புறங்கை சுட்டது.

செல்வி, எப்படிப் பார்க்காமலே சொன்னீங்க என்று கேட்டாயே, இப்படித்தான். உனக்குச் சொல்ல அரை நிமிடம் போதுமானதாக இருந்தது. உனக்கு எழுதிய இதில் ஒரு பிரதியைப் புதிய செயலாளருக்கும் அனுப்பியிருக்கிறேன். கயத்தாற்றுக்குத் தபாலில் அனுப்பவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் நானே கொண்டுபோகிறேன். பேச்சியம்மாள் கேட்ட கேள்விக்கு ‘இல்ல’ என்ற ஒரு வார்த்தைதான் பதில். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.